ஐந்தாம் ஹென்றி வாய் திறந்தால்: சேலத்து நாடக வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி நாடகங்களைச் சத்தமாக வாசித்து வருகிறோம். இப்போது கையில் எடுத்திருப்பது ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'. ஆங்கிலத்தில் ஒரு முறை, அப்புறம் நாங்களே தமிழில் சொல்லிப் பார்த்து ஒரு முறை என்று ஒவ்வொரு காட்சியையும் வாசிக்கிறோம். புதிதாக வருபவர்களும், பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளும், போட்டிக்கு வசனம் தேடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாடகத்தின் கதை என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இங்கிலாந்தின் இளம் அரசன் ஐந்தாம் ஹென்றி பிரான்ஸின் அரியணை தனக்குச் சேர வேண்டும் என்று படையெடுக்கிறான். ஹார்ஃப்ளூர் துறைமுகத்தை முற்றுகையிட்டுப் பிடிக்கிறான். பசியும் நோயுமாகத் தளர்ந்த படையோடு அஜின்கோர்ட்டில் பெரிய பிரெஞ்சுப் படையை வெல்கிறான். பிரெஞ்சு இளவரசி கேதரினை மணம் பேசுவதோடு கதை முடிகிறது. அஜின்கோர்ட் போர் நடந்தது 1415 அக்டோபர் 25. ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதியது 1599 வாக்கில். நடுவே ஏறத்தாழ 180 ஆண்டுகள்.

போர் நாடகம்தானே, பேச்சுகளையே ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?

மேடையில் போர் அநேகமாக இல்லவே இல்லை என்பதுதான் காரணம். அஜின்கோர்ட் போரில் நாம் கண்ணால் பார்க்கும் ஒரே 'மோதல்', பிஸ்டல் என்ற வாய்ச்சொல் வீரன் பயந்துபோன ஒரு பிரெஞ்சுக்காரனைப் பிடித்துவைத்துப் பணம் பேரம் பேசுவது. ஹென்றி வாளைச் சுழற்றும் காட்சி ஒன்றுகூட எழுதப்படவில்லை. நாலைந்து மொட்டைக் கத்திகளை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய போரைக் காட்டப் பார்க்கிறோமே என்று கதைசொல்லியே வந்து மன்னிப்புக் கேட்கிறான். ஆக, இந்த அரசனின் வீரம் முழுக்க அவன் நாக்கில் இருக்கிறது. யாரிடம் எப்படிப் பேசுகிறான் என்று கவனித்தால்தான் ஆள் பிடிபடுவான்.

வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. அநேகமாக ஒவ்வொரு பெரிய பேச்சிலும் ஹென்றி ஒரு வேலையைச் செய்கிறான். நடக்கப்போகும் சாவுக்கான பொறுப்பை எடுத்து வேறு யார் தலையிலாவது வைத்துவிடுகிறான். இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நாடகத்தை வாசித்துப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அது எங்கிருந்து தொடங்குகிறது?

முதல் அங்கத்திலேயே. திருச்சபையின் சொத்தில் பெரும்பங்கைப் பறிக்க ஒரு மசோதா வந்திருக்கிறது. அதைத் தவிர்க்க, அரசனுக்குப் போர்ச்செலவுக்குப் பெரும்பணம் தருவதாகப் பேராயர் பேசி வைத்திருக்கிறார். இது நமக்கு முன்பே தெரியும். அதன் பிறகு அரசவையில் ஹென்றி அதே பேராயரைப் பார்த்து, தூங்கும் என் வாளை எழுப்புகிறீர்கள், ஜாக்கிரதையாகச் சொல்லுங்கள், சிந்தும் ஒவ்வொரு துளி ரத்தமும் கணக்குக் கேட்கும் என்கிறான். கேட்க எவ்வளவு பொறுப்பாக இருக்கிறது! பேராயர் பரம்பரைக் கணக்கை நீட்டி முழக்கி ஒப்பிக்கிறார். கடைசியில் ஹென்றி, நியாயத்தோடும் மனசாட்சியோடும் நான் இதைக் கோரலாமா என்று ஒற்றை வரியில் கேட்கிறான். பாவம் என் தலையில் விழட்டும் என்கிறார் பேராயர். ஹென்றிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

டென்னிஸ் பந்து விஷயம் என்ன?

பிரெஞ்சு இளவரசன் ஒரு பெட்டியில் டென்னிஸ் பந்துகளை அனுப்புகிறான். உன் வயசுக்கு விளையாட்டுதான் சரி என்று கிண்டல். ஹென்றி முதலில் நன்றி சொல்கிறான். குரல் உயரவில்லை. மட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு பிரான்ஸுக்கு வந்து ஓர் ஆட்டம் ஆடுகிறேன் என்று அதே விளையாட்டுப் பேச்சைத் தொடர்கிறான். கொஞ்சம் கொஞ்சமாகப் பந்துகள் பீரங்கிக் குண்டுகளாகின்றன. இந்தக் கேலி ஆயிரக்கணக்கான மனைவிகளிடமிருந்து கணவனைப் பிடுங்கும், தாய்களிடமிருந்து மகனைப் பிடுங்கும், இன்னும் பிறக்காத பிள்ளைகள்கூட உங்கள் இளவரசனைச் சபிக்கும் என்கிறான்.

யாரைச் சபிக்கும்? இளவரசனை. ஆனால் தூதர்கள் உள்ளே வருவதற்கு முன்பே, முடிவெடுத்துவிட்டோம், பிரான்ஸை வளைப்போம் அல்லது துண்டு துண்டாக உடைப்போம் என்று ஹென்றி சொல்லியாகிவிட்டது. பந்து வராவிட்டாலும் போர் உண்டு. வந்த பந்து நல்ல சாக்கு.

இந்த இடத்தில் எனக்குப் புறநானூற்றின் 72ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனையும் 'இளையன் இவன்' என்றுதான் எதிரிகள் ஏளனம் செய்தார்கள். அவனும் கொதித்து வஞ்சினம் கூறுகிறான். ஆனால் சாபத்தை எங்கே வைக்கிறான் பாருங்கள். அவர்களை வெல்லாவிட்டால் என் குடிமக்கள் 'கொடியன் எம் இறை' என்று கண்ணீர் விட்டுத் தூற்றும் அரசன் ஆகக் கடவேன், மாங்குடி மருதன் தலைவனாக உள்ள புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவர்க்கு ஈய முடியாத வறுமை என்னை வந்து சேரட்டும் என்கிறான். எல்லாம் தன் தலையில். இரண்டு இளைய அரசர்கள், ஒரே அவமானம், நேர் எதிரான இரண்டு பேச்சு. இதை ஒரு மாலை முழுக்கப் பேசலாம், பேசியும் இருக்கிறோம்.

துரோகிகள் காட்சி முக்கியமா?

சிறிய காட்சி, ஆனால் தாண்டிப் போக வேண்டாம். சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறும் முன், கேம்பிரிட்ஜ், ஸ்க்ரூப், கிரே என்ற மூன்று பிரபுக்களின் சதி ஹென்றிக்குத் தெரிந்துவிடுகிறது. நேரடியாகக் கைது செய்யவில்லை. குடிபோதையில் அரசனைத் திட்டிய ஒருவனை விட்டுவிடலாமா என்று அவர்களிடமே யோசனை கேட்கிறான். தண்டிக்கத்தான் வேண்டும் என்கிறார்கள் மூவரும். பிறகு அவர்களுடைய துரோகம் எழுதப்பட்ட காகிதங்களை அவர்கள் கையிலேயே கொடுக்கிறான். அவர்கள் மன்னிப்புக் கேட்கும்போது, என்னிடம் இருந்த இரக்கத்தை உங்கள் யோசனைதான் கொன்றது என்கிறான். பொறுப்பு இங்கும் கைமாறிவிட்டது.

ஹார்ஃப்ளூரில் பேசுவது ஒரே பேச்சா, இரண்டா?

இரண்டு. போட்டிகளில் எல்லோரும் சொல்வது முதலாவது. உடைந்த மதிலை நோக்கி இன்னொரு முறை பாயுங்கள் நண்பர்களே, இல்லையென்றால் நம் பிணங்களால் அந்த இடைவெளியை அடைத்துவிடுங்கள் என்று தொடங்கும். அமைதிக்காலத்தில் அடக்கம் அழகு, போர் என்று வந்தால் புலியைப் போலச் செய்யுங்கள் என்று சொல்லி, முகத்தில் எதையெதை எப்படி மாற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறான். பல்லைக் கடி, மூக்கை விரி, மூச்சை அடக்கு, கண்ணை உருட்டு. நடிகனுக்குப் பாடம் எடுப்பது போலவே இருக்கும். முதலில் பிரபுக்களைப் பார்த்துப் பேசிவிட்டு, பிறகு உழவர் குடியில் வந்த வீரர்களைப் பார்த்துப் பேசுகிறான்.

இந்தப் பேச்சு முடிந்த அடுத்த நொடி என்ன நடக்கிறது என்று போட்டி மேடையில் யாரும் சொல்வதில்லை. பார்டால்ஃப் என்ற வீரன் 'போ, போ' என்று கத்துகிறான், யாரும் நகரவில்லை. லண்டனில் ஒரு சாராயக்கடையில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஒரு குவளை பீருக்கும் உயிருக்கும் என் புகழ் அத்தனையையும் கொடுத்துவிடுவேன் என்கிறான் கூட வந்த சிறுவன். ஃப்ளூயெல்லன் என்ற வேல்ஸ்காரத் தளபதி வந்து அடித்து விரட்டிய பிறகுதான் மதில் பக்கம் போகிறார்கள். பேச்சு எல்லோரையும் எழுப்பவில்லை என்று ஷேக்ஸ்பியர் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டாவது பேச்சு நகரத்தாரை நோக்கி. சரணடையாவிட்டால் என் வீரர்களை என்னால் அடக்க முடியாது என்கிறான். பெண்கள் சீரழிக்கப்படுவார்கள், கிழவர்களின் நரைத்த தாடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதுவார்கள், பச்சைக் குழந்தைகளை ஈட்டியில் குத்துவார்கள். இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லிவிட்டு, நீங்களே காரணம் என்னும்போது எனக்கென்ன வந்தது என்று கேட்கிறான். எங்கள் கூட்டத்தில் இதை முதல் முறை வாசித்த மாணவி பாதியில் நிறுத்திவிட்டு, சார், இதையும் அதே ராஜாதான் பேசுகிறாரா என்று கேட்டாள். அதே ராஜாதான் அம்மா, நடுவில் ஒரே ஒரு காட்சிதான்.

நகரம் கதவைத் திறக்கிறது. உடனே ஹென்றி தன் மாமா எக்ஸிடரிடம், எல்லோரிடமும் இரக்கம் காட்டு என்கிறான். அதைத் தொடர்ந்து வரும் வரிகளை அடிக்கோடிட்டு வையுங்கள். குளிர்காலம் வருகிறது, நம் ஆட்களுக்கு நோய் பரவுகிறது, நாம் கலே நகரத்துக்குப் பின்வாங்குவோம் என்கிறான். அந்தப் பயங்கர மிரட்டலைச் செய்தவன் கையில் இருந்தது நோயாளிப் படை. கத்தியால் சாதிக்க முடியாததை நாக்கால் சாதித்திருக்கிறான்.

பழைய நண்பன் பார்டால்ஃபைத் தூக்கிலிட்டது பற்றி ஒன்றும் பேசவில்லையே?

தேவாலயத்தில் திருடிய குற்றம். இளவரசனாக இருந்தபோது ஹென்றியோடு குடித்துச் சிரித்தவன் அவன். செய்தி வந்ததும் அவனைப் பற்றி ஹென்றி சொல்வது, இப்படிப்பட்ட குற்றவாளிகள் எல்லோரும் இப்படியே வெட்டி எறியப்பட வேண்டும் என்பது மட்டும். பெயரைக்கூட உச்சரிப்பதில்லை. நீண்ட பேச்சு பேசத் தெரிந்தவன் எங்கே சுருக்கிக்கொள்கிறான் என்பதும் அவனைப் பற்றிச் சொல்லும்.

போருக்கு முந்தின இரவுக் காட்சியை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

நாடகத்தின் உயிர் அங்கே இருக்கிறது. நாலாம் அங்கம், முதல் காட்சி. ஹென்றி ஒரு கிழட்டுப் பிரபுவின் மேலங்கியை வாங்கிப் போர்த்திக்கொண்டு, யாரென்று தெரியாமல் பாசறையில் திரிகிறான். பேட்ஸ், கோர்ட், வில்லியம்ஸ் என்ற மூன்று சாதாரண வீரர்கள் விடியலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அரசனின் காரணம் நியாயமானது, அவரோடு சாவதில் எனக்குத் திருப்தி என்கிறான் மாறுவேட அரசன். அது நமக்குத் தெரியாத சங்கதி என்கிறான் வில்லியம்ஸ். அப்புறம் வருவதுதான் இந்த நாடகத்திலேயே பெரிய பேச்சு என்பது என் கருத்து. காரணம் நியாயமில்லை என்றால் அரசன்தான் பெரிய கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கும். போரில் வெட்டுப்பட்ட காலும் கையும் தலையும் இறுதி நாளில் ஒன்று சேர்ந்து, இன்ன இடத்தில் செத்தோம் என்று கத்தும். சிலர் சபித்துக்கொண்டு, சிலர் வைத்தியனைக் கூப்பிட்டுக்கொண்டு, சிலர் ஏழையாக விட்டுவந்த மனைவியை நினைத்து, சிலர் கடனை நினைத்து, சிலர் அநாதையாகப் போகும் பிள்ளைகளை நினைத்து.

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் நண்பர் ஒருவர் எங்களோடு வாசிக்கிறார். மொட்டை மாடியில் இதை வாசித்த அன்று வில்லியம்ஸ் அவர்தான். கத்தி வாசிக்கவில்லை. கால், கை, தலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன இடைவெளி விட்டார். கடன் என்ற சொல் வந்தபோது காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தார். ஹென்றியாக வாசித்தவருக்கு அடுத்த வரியைப் பிடிக்கச் சற்று நேரமானது. எப்படி நடிக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஹென்றி அதற்கு என்ன பதில் சொல்கிறான்?

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை. வியாபாரத்துக்கு அனுப்பிய மகன் பாவியாகக் கடலில் செத்தால் அப்பனைக் குறை சொல்வாயா என்று திருப்பிக் கேட்கிறான். ஒவ்வொரு குடிமகனின் கடமையும் அரசனுக்குச் சொந்தம், ஒவ்வொருவனின் ஆன்மா அவனவனுக்குச் சொந்தம் என்கிறான். வாதம் கெட்டிதான். ஆனால் வில்லியம்ஸ் கேட்டது போரின் காரணம் நியாயமா என்று. அதைத் தொடவே இல்லை. கடைசியில் இருவருக்கும் சண்டை முற்றி, போருக்குப் பிறகு உயிரோடிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கையுறைகளை மாற்றிக்கொள்கிறார்கள்.

அவர்கள் போனதும் அவன் தனியாகப் பேசும் பேச்சு வருகிறது. உயிர், ஆன்மா, கடன், மனைவி, பிள்ளை, பாவம் எல்லாவற்றையும் அரசன் மேல் போடுங்கள் என்று வெடிக்கிறான். ஆடம்பரச் சடங்கைத் தவிர மற்றவனிடம் இல்லாத எது அரசனிடம் இருக்கிறது என்று கேட்கிறான். அவன் வலி உண்மையான வலி, எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அப்போதும் வயிறு நிறைந்து நிம்மதியாகத் தூங்கும் ஏழைக்குக் கவலையே இல்லை என்கிறானே! சற்று முன்தான் தூங்க முடியாத மூன்று ஏழைகளோடு பேசிவிட்டு வந்திருக்கிறான்.

கடைசியாகப் பிரார்த்தனை. என் தகப்பன் மகுடத்தைப் பிடித்த விதத்தில் செய்த குற்றத்தை இன்றைக்கு மட்டும் நினைக்காதே ஆண்டவனே என்று மன்றாடுகிறான். 1399இல் இரண்டாம் ரிச்சர்டை இறக்கிவிட்டு அரியணை ஏறியவர் அவன் தந்தை நான்காம் ஹென்றி. ரிச்சர்டின் உடலை மறுபடி மரியாதையோடு அடக்கம் செய்ததையும், ஏழைகளுக்குப் படியளப்பதையும் சொல்லிவிட்டு, நான் செய்வதெல்லாம் எதற்கும் போதாது என்கிறான். கேட்க மனிதர் யாரும் இல்லாத இடத்தில்தான் பாரம் அவன் தோளிலேயே நிற்கிறது.

கிறிஸ்பின் நாள் பேச்சு: எல்லோரும் கொண்டாடுவது சரிதானா?

சரிதான். போரன்று காலை, புனித கிறிஸ்பின் திருநாளில், ஹென்றி பேசும் அற்புதமான பேச்சு அது. வெஸ்ட்மோர்லண்ட் என்ற பிரபு, இங்கிலாந்தில் இன்று சும்மா இருப்பவர்களில் பத்தாயிரம் பேர் இங்கே இருந்தால் எப்படி இருக்கும் என்று ஏங்குகிறார். ஒருவன்கூட வேண்டாம் என்கிறான் ஹென்றி. ஆள் குறைந்தால் புகழில் பங்கு பெரிது. பயப்படுகிறவன் போகலாம், வழிச்செலவுக்கும் பணம் தருகிறேன் என்கிறான். பிறகு போரைப் பற்றிப் பேசாமல், போருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் ஒரு விருந்தைப் பற்றிப் பேசுகிறான். கிழவனான வீரன் சட்டையை மடித்துத் தழும்பைக் காட்டி, கொஞ்சம் கூட்டியும் சொல்வான். நம் பெயர்கள் அவன் வாயில் புழங்கும். சாகப் போகிறவர்களிடம் முதுமையைப் பேசுகிறான். அதுதான் இந்தப் பேச்சின் ரகசியம் என்று நினைக்கிறேன். யார் மேலும் பழி போடாமல், கையில் இருப்பதைப் பகிர்ந்து கொடுக்கும் ஒரே பெரிய பேச்சும் இதுதான். இன்று என்னோடு ரத்தம் சிந்துபவன் என் சகோதரன் என்று சொல்லும்போது நம்பாமல் இருக்க முடியாது.

அதோடு இதையும் படித்துவிடுங்கள். போர் முடிந்ததும் ஹென்றியிடம் இறந்தவர் பட்டியல் வருகிறது. யார்க் கோமகன், சஃபோக் பிரபு, ரிச்சர்ட் கெட்லி, டேவி காம் என்று நான்கு பெயர்களை வாசித்துவிட்டு, பெயர் சொல்லத்தக்க வேறு யாருமில்லை, மற்றவர்கள் இருபத்தைந்து பேர் என்கிறான். காலையில் சகோதரர்கள், மாலையில் பெயரில்லாத இருபத்தைந்து. காலைப் பேச்சில் விருந்தில் ஒலிக்கும் என்று அவன் அடுக்கியதும் தன் பெயரையும் பெட்ஃபோர்ட், எக்ஸிடர் போன்ற பிரபுக்களின் பெயர்களையும்தான்.

கட்டபொம்மன் வசனம் மாதிரி பேசலாமா?

சேலத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சிவாஜி கணேசனின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகம் 1957இல் முதலில் மேடையேறியது இந்த ஊரில்தான். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்து போகும் ஊர்க்காரர்களுக்கு வீர வசனம் காதோடு பிறந்தது. ஆனால் கட்டபொம்மன் தன் மண்ணில் நின்று, வரி கேட்டு வந்தவனுக்குப் பதில் சொல்கிறவன். ஹென்றி கடல் தாண்டிப் போய்க் கேட்கிறவன். அதே கம்பீரக் குரலை இங்கே போட்டால், கேட்பவர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்கவே மாட்டார்கள். யோசிக்க இடம் விடுங்கள். டென்னிஸ் பந்துப் பேச்சைக் கிட்டத்தட்ட மென்மையாகத் தொடங்கிப் பாருங்கள், சபை தானாகவே அடங்கும்.

கதைசொல்லி நம் கட்டியங்காரன்தானே?

வேலை அதேதான். மேச்சேரி, ஜலகண்டாபுரம் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இவனைச் சட்டென்று புரியும். ராஜா வருமுன் வந்து சபையைத் தயார்படுத்துவான். வித்தியாசம் ஒன்று உண்டு. கட்டியங்காரன் ராஜாவையே கேலி பேசும் உரிமை உள்ளவன். இந்தக் கதைசொல்லியோ ஹென்றியைப் புகழ்வதைத் தவிர வேறு தெரியாதவன். இரவில் அரசனின் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு வீரனும் தெம்பு பெற்றான் என்று அவன் சொல்லி முடித்ததும், நாம் பார்ப்பது வில்லியம்ஸோடு நடக்கும் சண்டை. சொல்வதும் காட்டுவதும் ஒன்றாக இருக்காது.

கைதிகளைக் கொல்லச் சொன்னது உண்மையா?

வரலாற்றிலும் உண்டு, நாடகத்திலும் உண்டு. பிரெஞ்சுப் படை மறுபடி திரள்கிறது என்று கேட்டதும் ஒரே வரியில் ஆணையிடுகிறான். மூட்டை காக்கும் சிறுவர்களை பிரெஞ்சுக்காரர்கள் கொன்றதற்குப் பதிலடி என்று அடுத்த காட்சியில் கவர் என்ற தளபதி விளக்கம் சொல்கிறார். வரிசையைக் கவனியுங்கள். ஆணை முதலில், காரணம் பிறகு.

கேதரினிடம் பேசுவது காதலா?

பேச்சுச் சாமர்த்தியம். நான் வெறும் சிப்பாய், எனக்கு அழகாகப் பேச வராது என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறான். பிரான்ஸின் எதிரியை நான் எப்படிக் காதலிப்பது என்று அவள் கேட்கிறாள். எனக்குப் பிரான்ஸ் மேல் அவ்வளவு பிரியம், ஒரு கிராமத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான். சிரிப்பு வரும். ஆனால் சமாதான உடன்படிக்கையின் முதல் கோரிக்கையே அவள்தான், மறுக்க அவளுக்கு வழியில்லை. உண்மையில் திருமணம் நடந்தது 1420இல். 1422இல் ஹென்றி இறந்துவிட்டான், வயது 35. அவன் மகன் காலத்தில் பிரான்ஸ் கைவிட்டுப் போனதைக் கதைசொல்லியே கடைசியில் சொல்லிவிடுகிறான்.

எந்தப் பதிப்பு, எந்தப் படம்?

1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் பாடத்தைத் தழுவிய பதிப்பு எதுவானாலும் சரி. 1600இல் வந்த சிறு பதிப்பில் கதைசொல்லியே இல்லை, மதில் பேச்சும் இல்லை. படங்களில், லாரன்ஸ் ஒலிவியரின் 1944 படம் உலகப்போர்க் காலத்தில் வந்தது. துரோகிகள் காட்சியையும் ஹார்ஃப்ளூர் மிரட்டலையும் வெட்டிவிட்டார்கள். கென்னத் பிரானாவின் 1989 படத்தில் பார்டால்ஃப் கண்முன்னே தூக்கிலிடப்படுகிறான். இரண்டையும் பார்த்தால் வெட்டு எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து ராஜா மாறுவது தெரியும்.

நாங்களே வாசிக்கத் தொடங்கினால் எந்தக் காட்சியை முதலில் எடுப்பது?

இரவுக் காட்சியை. ஐந்தாறு பேர் போதும். ஹென்றிக்கு நல்ல குரல் தேடி அலைய வேண்டாம், அந்த வரிகள் யாரையும் தூக்கி நிறுத்திவிடும். உங்களில் சிறந்த வாசிப்பாளரை வில்லியம்ஸுக்குக் கொடுங்கள். அதே ஆள்தான் போருக்குப் பிறகு கையுறைக் காட்சியிலும் வர வேண்டும். அங்கே ஹென்றி, நீ திட்டியது என்னைத்தான் என்று உடைக்கிறான். வில்லியம்ஸ் காலில் விழவில்லை. நீங்கள் அரசராக வரவில்லை, சாதாரண ஆளாக வந்தீர்கள், அந்த வேஷத்தில் உங்களுக்கு நேர்ந்ததை உங்கள் தவறாகவே எடுத்துக்கொள்ளுங்கள், என் தவறாக அல்ல என்கிறான். நாடகம் முழுக்கப் பொறுப்பைக் கைமாற்றிய அரசனிடம் ஒருவன் அதை நேருக்கு நேர் திருப்பிக் கொடுக்கும் இடம் இது. ஹென்றி அதற்கு எதுவும் சொல்லாமல், கையுறை நிறையக் காசு போட்டுக் கொடுக்கச் சொல்கிறான். அந்தக் காசை வில்லியம்ஸ் எப்படி வாங்குகிறான் என்பதை ஷேக்ஸ்பியர் எழுதவில்லை. ஒத்திகையில் இரண்டு மூன்று விதமாகச் செய்து பார்த்து, நீங்களே முடிவு செய்யுங்கள்.